இடதுகைக்காரருக்குப் பிஸ்டல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெல்லி துக்ளகாபாத்தில், 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய கர்ணி சிங் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு மயூர் விஹாரிலிருந்து மகளை அழைத்துப் போக ஆரம்பித்தபோது அவளுக்கு 12 வயது. எல்லாமே இடது கைதான். "சோத்தாங்கைக்கு மாத்திடுங்க சார், துப்பாக்கி சுலபமா கிடைக்கும்" என்றார் ஒரு நம்ம ஊர்க்காரர். தயவுசெய்து இதை மட்டும் கேட்காதீர்கள். ஹங்கேரியின் கரோலி தகாச் கை மாற்றிச் சுட்டு 1948, 1952 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கவில்லையா என்பார்கள். 1938இல் கைக்குண்டு வெடித்து வலது கை சிதைந்ததால் மாற்றியவர் அவர். நம் பிள்ளைக்கு அப்படி என்ன அவசியம்?

கண்ணைச் சோதிக்காமல் விடுவதும் தவறு. இரண்டு கைகளையும் நீட்டி, நடுவில் சின்ன இடைவெளி விட்டு, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் மறைகிறதோ அதுதான் முந்துகிற கண். இடது கை, வலது கண் என்று அமைந்தாலும் பயம் வேண்டாம். பிஸ்டலில் தலையைக் கொஞ்சம் திருப்பினால் சரியாகிவிடும். ரைஃபிளில்தான் அது பெரிய சிக்கல்.

நாங்கள் செய்த பெரிய தவறு, வலது கைக்கான கிரிப் (கைப்பிடி) போட்ட பிஸ்டலிலேயே ஆறு மாதம் ஓட்டியது. 10 மீட்டர் போட்டிக்கான ஏர் பிஸ்டலின் (காற்றழுத்தத்தில் சுடுவது) கிரிப்பை உள்ளங்கைக்கு ஏற்றபடி செதுக்கியிருப்பார்கள். அதை மறு கையில் பிடித்ததால், சைட்டை (குறி பார்க்கும் பாகம்) நேராக்க மணிக்கட்டைத் திருகிக்கொண்டே நின்றாள். இருபது பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) சுடுவதற்குள் கை நடுங்கும். அந்தத் திருகல் போக ஒரு வருடம் ஆனது.

பழைய பிஸ்டல் மலிவாக வந்தாலும் அவசரப்படாதீர்கள். வால்தர், ஸ்டெயர், மொரினி என்று எந்தக் கம்பெனி பிஸ்டலிலும் கிரிப் தனியாகக் கழலும். அந்த மாடலுக்கு, அந்தக் கை அளவுக்கு இடது கிரிப் கிடைக்குமா என்று தெரிந்த பிறகு பணம் கொடுங்கள்.

சரியான கிரிப்பையும் கொஞ்சம் ராவ வேண்டியிருக்கும். பிஸ்டல் காலியா என்று பார்த்துவிட்டு, மகளின் கையில் சாக்பொடி பூசிப் பிடிக்கச் சொன்னேன். கட்டைவிரல் அடியில் அழுத்தமான வெள்ளைத் தடம். உள்ளங்கைக் குழியில் ஒன்றுமே படவில்லை. கிரிப்பைக் கழற்றி, தடத்தில் அரத்தால் நாலு தேய்ப்பு, குழியில் மரப்புட்டி, அவ்வளவுதான். அப்புறம் இரண்டு நாள் சுட்டுப் பார்த்துத்தான் அடுத்த தேய்ப்பு. புட்டியை மணிக்கட்டு வரை ஏற்றிவிடாதீர்கள். மணிக்கட்டுக்குத் தாங்கல் கொடுப்பது விதிப்படி கூடாது. பிஸ்டல் மொத்தமும் 420 × 200 × 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்கவும் வேண்டும்.

பிறகு 25 மீட்டர் போட்டிக்குப் போனால், அங்கே சுடும் .22 தோட்டா பிஸ்டல்கள் பெரும்பாலும் காலித் தோட்டாவை வலப்பக்கம் எறியும். இடதுகைக்காரருக்கு அது நெஞ்சுக்கு முன்னால் பறக்கும். கண்ணாடி போடாமல் சுடும் இடத்தில் நிற்க விடாதீர்கள்.