கூட்டு மருந்து தடைபடாமல் இருக்க: கொங்கு வட்டாரத் தொழிலாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

எச்.ஐ.வி. உறுதியான எவரும், சிடி4 எனும் நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும், வைரஸை அடக்கும் கூட்டு மருந்தை உடனே தொடங்கலாம் என்பது 2017 முதல் நம் நாட்டின் கொள்கை. மருந்தும் அதற்கான பரிசோதனைகளும் அரசு ஏ.ஆர்.டி. (கூட்டு மருந்துச் சிகிச்சை) மையங்களில் இலவசம். ஆகவே கொங்கு வட்டாரத்தில் ஒருவர் பாதியில் மருந்தை நிறுத்தினால், அதற்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரையின் விலையாக இருப்பதில்லை. இழக்க வேண்டிய ஒரு நாள் கூலி, பேருந்துச் செலவு, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அச்சம், மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் கிடக்க வேண்டிய தொழில் ஆகியவையே காரணமாகின்றன.

பரிசோதனை அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் நடக்கும், எச்.ஐ.வி. உறுதியானால் அங்குள்ள ஆலோசகரே ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார். எந்த ஊர் மையத்தில் பதிவது என்பதை அவசரப்படாமல் முடிவு செய்யுங்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் ஆகிய மாவட்டத் தலைநகர்களில் மையங்கள் உள்ளன. சொந்த ஊர்க்காரர் கண்ணில் படக்கூடாது என்று வெகுதொலைவில் உள்ள மையத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. அந்த அச்சம் நியாயமானதே என்றாலும், ஆயுள் முழுவதும் போய்வர வேண்டிய இடம் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் நாளடைவில் மருந்தை விடுவதில்தான் முடியும் என்பது என் கருத்து. உடல்நிலை சீரான பிறகு, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மருந்து வழங்கும் இணைப்பு மையத்துக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம்.

திருப்பூர் பனியன் கம்பெனியிலோ பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடத்திலோ பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவருக்கு, மையத்துக்குப் போகும் நாள் கூலியில்லாத நாள். ஏற்றுமதி ஆர்டர் முடிக்க ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரத்தில் விடுப்பு கேட்பதும் எளிதன்று. எனவே முதல் சில மாதங்கள் தவறாமல் மருந்து எடுத்தபின், ஒரே தடவையில் மூன்று மாத மருந்து தர முடியுமா என்று மருத்துவ அலுவலரிடம் நீங்களே கேளுங்கள். நிலையான உடல்நிலை உள்ளவர்களுக்கு அவ்வாறு தரும் நடைமுறை உள்ளது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனை ஆறாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் வரும். அந்த நாளும் மருந்து வாங்கும் நாளும் ஒன்றாக அமையும்படி தேதி கேட்டு வாங்கினால் ஒரு நாள் கூலி மிஞ்சும். வைரல் லோடு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அது துணைக்குப் பரவாது என்பதையும் வீட்டில் சொல்லலாம்.

திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு கிளம்புபவர்களுக்கும் நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்களுக்கும் சிக்கல் வேறு. கிளம்பும் முன் மையத்தில் செல்லும் மாநிலத்தையும் திரும்பும் மாதத்தையும் சொல்லிக் கூடுதல் மருந்து கேளுங்கள். உங்களிடம் இருக்கும் பச்சைப் புத்தகத்தின் (மையம் தரும் சிகிச்சைக் குறிப்புப் புத்தகம்) எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயணம் நீண்டுவிட்டால், வழியில் உள்ள வேறொரு அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் அதைக் காட்டித் தற்காலிகமாக மருந்து பெறலாம். மாத்திரைப் புட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் பலர் கிழித்துவிடுகிறார்கள், அதனால் கேடில்லை. ஆனால் மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைப்பது கூடாது. புட்டிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு மூடியை இறுக்கி, எஞ்சின் சூடு படாத இடத்தில், கேபினின் பின்படுக்கைக்கு அடியில் துணிப்பையில் வைக்கலாம். இப்போது பெரும்பாலோருக்குத் தரப்படும் மாத்திரையில் டொலுடெக்ராவிர் இருக்கிறது. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளும் வயிற்றெரிச்சலுக்கான ஜெலூசில் போன்றவையும் அது உடலில் சேர்வதைக் குறைக்கும். ஆகவே அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் கழித்தோ இதை விழுங்க வேண்டும். காசநோய் மருந்து தொடங்கினால் உடனே மையத்தில் தெரிவியுங்கள். டொலுடெக்ராவிரின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

சில நேரங்களில் மையத்திலேயே, 'இருப்பு இல்லை, பத்து நாளுக்குத்தான் தர முடியும்' என்பார்கள். அதைத் தலையெழுத்து என்று ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஒரு காலத்தில் இம்மருந்து ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் விலை போனது. 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்கு அன்றித் தயாரிப்பு முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்ததால், இந்திய நிறுவனங்கள் அதையே மலிவாகச் செய்ய முடிந்தது; 2001-இல் சிப்லா ஆண்டுக்கு 350 டாலர் என்று அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரலில், மலிவு மருந்துக்கு வழிசெய்யும் தென்னாப்பிரிக்கச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்திருந்த 39 மருந்து நிறுவனங்கள் பின்வாங்கின. 2005-இல் இந்தியாவிலும் பொருளுக்குக் காப்புரிமை வந்தது என்றாலும், தெரிந்த மருந்தில் சிறு மாற்றம் செய்து புதுக் காப்புரிமை கேட்பதைத் தடுக்கும் 3(டி) பிரிவைக் கொண்டு நோயாளிகளின் அமைப்புகள் எதிர்ப்பு மனு போட்டன. குழந்தைகளுக்கான நெவிரபின் சிரப்புக்குக் கேட்ட காப்புரிமை 2008-இல் மறுக்கப்பட்டது. 2025-இல் அமெரிக்கா வெளிநாட்டு உதவி நிதியை நிறுத்தியபோது ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் சிகிச்சை தடுமாறியது; இங்கோ மருந்துச் செலவின் பெரும்பகுதி மத்திய அரசின் வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே வருகிறது. மருந்தும் ஐதராபாத்திலும் மும்பையிலும் உள்ள நிறுவனங்கள் செய்வதுதான். அப்படியிருக்க, தட்டுப்பாடு என்பது டெண்டரிலும் வினியோகத்திலும் நேரும் கோளாறே தவிர வேறில்லை. 2022-இல் நோயாளிகள் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் வாரக்கணக்கில் உட்கார்ந்து போராடியது இதற்காகத்தான்.

குறைவாகத் தந்தால், எத்தனை நாளுக்குத் தந்தார்கள் என்பதைப் பச்சைப் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிறகு தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணான 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் மையத்தின் பெயரோடு பதிவு செய்யுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். ஆனால் அங்கே வரிசையில் பலர் நிற்பார்கள் என்பதால், மாவட்ட எச்.ஐ.வி. உள்ளோர் நலச் சங்கத்தின் பெயரில் மனு போவது நல்லது.

வேலையிடத்தில் பரிசோதனைச் சான்று கேட்டாலோ, விஷயம் தெரிந்து வேலையை விட்டு நிறுத்தினாலோ, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வேலைக்குச் சேர்க்க எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்கக் கூடாது. உங்கள் சம்மதமின்றி நிலையை வெளியிடவும் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இதற்கென ஒரு புகார் அலுவலர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். திருப்பூரின் பெரிய கம்பெனிகள் பல இந்த வரம்புக்குள் வரும், மேலாளருக்கே அது தெரியாமல் இருக்கலாம். வேலைநீக்கக் கடிதம், சம்பளச் சீட்டு, கைபேசிச் செய்தி எதையும் அழித்துவிடாதீர்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனால், உங்கள் பெயருக்குப் பதில் மாற்றுப் பெயரில் நடத்தவும், விசாரணையை மூடிய அறையில் வைக்கவும் அதே சட்டத்தின்படி கேட்கலாம். முதல் மனுவிலேயே அதை எழுதும்படி வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.