நடுக்குளத்தில் நின்றுபோகும் படகு

கிழக்கு லண்டனில் ஒரு பூங்காக் குளத்தில் ஆண்டுக்கு இரண்டு முறை ரிமோட்டில் ஓடும் மாதிரிப் படகுக்காரர்கள் கூடுகிறோம். ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. புதிதாக இப்படியொரு சந்திப்பை நடத்த வருகிறவர்கள் எத்தனை பேரை அழைக்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: நடுக்குளத்தில் ஒரு படகு நின்றுபோனால் எப்படி மீட்பீர்கள்?

எங்கள் இரண்டாவது சந்திப்பில், நண்பர் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்து கட்டிய இழுவைப் படகு அப்படித்தான் நின்றது. புரொப்பெல்லர் தண்டில் பாசி முறுக்கிக்கொண்டிருந்தது. அவர் காலணியோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். அடியில் முழங்கால் ஆழச் சேறு. இரண்டு பேர் கைகொடுத்து இழுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து யாரும் நீரில் இறங்குவதில்லை.

பழைய டென்னிஸ் பந்தில் துளையிட்டு, நாற்பது மீட்டர் தங்கூசியை, அதாவது தூண்டில் நைலான் இழையை, கட்டி வைத்துக்கொள்ளுங்கள். படகைக் குறிபார்க்காதீர்கள், பந்து அதைத் தாண்டி விழ வேண்டும். தங்கூசி படகின் மேல் படிந்ததும் மெல்ல இழுங்கள், பந்து வந்து படகை அணைத்துக்கொண்டு கரைக்குக் கூட்டிவரும். நின்ற படகு காற்று தள்ளிக்கொண்டு போகும் பக்கம்தான் ஒதுங்கும். ஆகவே அந்தக் கரையில் நீண்ட பிடியுள்ள வலையோடு ஒருவர் காலையிலிருந்தே நிற்கட்டும்.

சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பு, அதே நேரத்தில் போய்க் குளத்தைப் பாருங்கள். வசந்தத்தில் அன்னங்கள் கூடு கட்டியிருக்கும். அந்த வாரங்களைத் தவிருங்கள். கோடை முற்றினால் நச்சுப் பாசி படர்ந்து குளத்தையே மூடிவிடுவதும் உண்டு. அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், காப்பீடும் கேட்பார்கள். பெட்ரோல் இயந்திரப் படகுகளைப் பல குளங்களில் விடமாட்டார்கள்.

அலைவரிசையில் கண்டிப்பாக இருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளால் தொல்லையில்லை. பெரியவர்கள் சிலர் 27, 40 மெகாஹெர்ட்ஸ் கருவிகளை இன்னும் ஆசையாகக் கொண்டுவருவார்கள். ஒரே சேனலில் இருவர் இயக்கினால் இவர் கைக்கு அவர் படகு திரும்பும். ஒரு பலகையில் சேனலுக்கொரு துணிக்கவ்வி மாட்டுங்கள். கவ்வியைக் கையில் வைத்திருப்பவர் மட்டுமே டிரான்ஸ்மிட்டரை, அதாவது கையிலுள்ள ரிமோட்டை, இயக்கலாம். 35 மெகாஹெர்ட்ஸ் பிரிட்டனில் விமானங்களுக்கு மட்டும் உரியது. அதோடு வருகிறவரை அன்போடு தடுத்துவிடுங்கள்.

கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்காவில் 1904இல் தொடங்கிய மாதிரி நீராவிப் படகுக் கழகம் ஒன்று இருக்கிறது. அவர்கள் கூடும் நாளில் ஒரு காலை கரையில் நின்று பாருங்கள்.

வேகப் படகுகளையும் மெதுவானவற்றையும் ஒன்றாக விடவே விடாதீர்கள். மரப் படகில் வேகப் படகு மோதினால் ஒரு குளிர்கால உழைப்பே போய்விடும். அரைமணிக்கு ஒரு வகை என்று பிரித்துவிடுங்கள். லித்தியம் பாலிமர் பேட்டரியைத் தீத்தடுப்புப் பையில், வெறுந்தரையில் வைத்தே சார்ஜ் செய்ய வேண்டும். உப்பியதைப் பயன்படுத்தவே கூடாது.

கடைசி அரைமணி வேடிக்கை பார்க்க வந்த குழந்தைகளுக்கு. அவர்களுக்கென்றே கனமான, மெதுவான ஒரு படகைக் கொண்டுபோகிறேன். டிரான்ஸ்மிட்டரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, டென்னிஸ் பந்தோடு பக்கத்தில் நிற்பேன்.