பழைய பேஸ்பால் அட்டைப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்

அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் 1991 வரை தன் மெழுகுத்தாள் பொட்டலங்களில் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட, பலரும் சேகரிக்கும் சிறு அட்டைகளோடு சூயிங்கம்மும் வைத்திருந்ததால், 1980களின் பொட்டலத்தை இன்று பிரிப்பவர்கள் கையைக் கழுவி நன்றாக உலர்த்திய பிறகு, பின்பக்க மடிப்பை மெல்ல விரித்தே திறக்க வேண்டும். காய்ந்து நொறுங்கும் கம்மை முதலில் அப்புறப்படுத்துங்கள். அதை உண்ணவே கூடாது. கம் பட்ட கறை பெரும்பாலும் போகாது; ஆனால் அட்டையின் முன்பக்கத்தில் படிந்த மெழுகை நைலான் காலுறைத் துணியால் மிக இலேசாகத் தேய்த்து நீக்கிவிடலாம். எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது மூலைகள்தான். ஒரு மூலை மழுங்கினாலும் மதிப்பு வெகுவாகக் குறையும் என்பதால், நல்ல அட்டையை விளிம்பில் மட்டும் பிடித்து, முதலில் மென்மையான பிளாஸ்டிக் உறையிலும் பிறகு கெட்டியான உறையிலும் இடுங்கள்.