‘இன்னும் பளிச்சுனு வேணும்’ என்று கேட்டால்

நீங்கள் செய்த டிசைனைப் பார்த்து வாடிக்கையாளர் இப்படிச் சொன்னதும் நிறத்தை மாற்றிவிடாதீர்கள். பல நேரம் நிறத்தில் குறை இருக்காது. எழுத்து பின்னணியோடு கலந்து மங்கலாகத் தெரிவதுதான் அவருக்கு உறுத்தும். அதே டிசைனில் மூன்று மாதிரி செய்யுங்கள். ஒன்றில் நிறத்தின் செறிவைக் கூட்டுங்கள், ஒன்றில் பின்னணியை வெளுப்பாக்குங்கள், இன்னொன்றில் எழுத்தை மட்டும் அடர்த்தியாக்குங்கள். மூன்றையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எது வேண்டும் என்று அவரே சொல்லிவிடுவார்.

வெறும் ‘பச்சை’ என்றால் கிளிப்பச்சையா, பாட்டில் பச்சையா என்று கேளுங்கள். பிடித்த துணி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னால் இன்னும் நல்லது.

அப்புறம், அச்சு வேலை என்றால் தொடக்கத்திலேயே டிசைன் ஃபைலை சிஎம்ஒய்கே-யில் (சியான் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு அச்சு மைகளை வைத்து நிறத்தைக் குறிக்கும் முறை) வையுங்கள். திரையில் மின்னும் பச்சையை அந்த நான்கு மைகளால் தாளில் அப்படியே கொண்டுவர முடியாது. வாட்ஸ்அப் படத்தைக் காட்டி ஒப்புதல் வாங்காமல், அச்சிடப்போகும் அதே தாளில் ஒரு பிரிண்ட் எடுத்துக் காட்டி வாங்குங்கள்.