வால்யூம் பெடலை எந்த இடத்தில் இணைப்பது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஒத்திகைக்கு வரும் இளைஞர்கள் பலர், காலால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலைக் கிட்டாருக்கு அடுத்தே இணைத்துவிட்டு, ஒலியைக் குறைத்தால் ஓவர்டிரைவ் பெடல் தரும் கரகரப்பும் சேர்ந்து குறைகிறதே என்று கேட்கிறார்கள். கிட்டாரிலுள்ள வால்யூம் குமிழைப் போலவே, அந்த இடத்தில் பெடல் ஓவர்டிரைவுக்குள் நுழையும் சிக்னலையே குறைத்துவிடுகிறது. அதை விரும்புவோருக்கு அதுவே சரியான இடம்.

நான் பரிந்துரைப்பது ஓவர்டிரைவுக்குப் பின்பும் எதிரொலி எழுப்பும் டிலே பெடலுக்கு முன்பும் உள்ள இடத்தை. அங்கே நாதத்தின் தன்மை மாறாமல் ஒலியளவு மட்டும் ஏறி இறங்கும். குதிகாலை அழுத்தி ஒலியை முழுவதும் மூடிய பிறகும், டிலேயும் ரிவெர்பும் எழுப்பிய எதிரொலி தானாகத் தேய்ந்து மறையும். பெடலை மூடிவைத்துக் கம்பியை மீட்டி, பிறகு மெல்லத் திறந்தால், மீட்டிய ஓசை கேளாமல், வயலினில் வில் இழுத்தது போலச் சுரம் எழும். திருமண மேடையில் மெல்லிசைப் பாடலுக்கு இது மிக அழகாக அமையும். டிலேக்கும் பின்னால் வைத்தால் எதிரொலியும் சேர்ந்து அறுபடும்.

வாங்கும்முன் மின்தடை அளவை அவசியம் பாருங்கள். பாஸிவ் பிக்கப் (மின்கலம் இல்லாமலே கம்பியின் அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) கொண்ட கிட்டாருக்கு அடுத்தே வைப்பதானால் 250 கிலோ ஓம் பெடல் வேண்டும். அங்கே 25 கிலோ ஓம் பெடலை வைத்தால் ஒலியின் கூர்மை மங்கிவிடும். சிக்னல் மங்காமல் காக்கும் சுற்றான பஃபருக்குப் பின்னால் 25 கிலோ ஓம் பொருந்தும். ஆனால் முன்னால் இருப்பவை அனைத்தும் ட்ரூ பைபாஸ் பெடல்களாக (அணைத்திருக்கும்போது சிக்னலைத் தம் சுற்றுக்குள் விடாமல் அப்படியே கடத்துபவை) இருந்தால், அவற்றை அணைத்ததும் கிட்டார் நேரடியாக வால்யூம் பெடலுடன் இணைந்துவிடும் என்பதால், தொடக்கத்தில் ஒரு பஃபரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.