குளிர்கால மலைப் பறவைக் கணக்கெடுப்பு: முதல் தடவை போகிறவர்களுக்கு

மேட்டுநிலத்தில் குளிர்காலக் காலையில் பறவை எண்ணப் போனால், முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் ஒன்றுமே வராது. காற்று, பனி, தூரத்தில் ஒரு காக்கை, அவ்வளவுதான். அப்புறம் எங்கிருந்தோ நாற்பது சின்னப் பறவைகள் ஒன்றாக வந்து, மூன்றே நிமிடத்தில் தலைக்கு மேல் கடந்துபோய்விடும். அந்த வெறும் ஒரு மணி நேரத்தை எப்படிப் பதிவது, அந்த மூன்று நிமிடத்தை எப்படி எண்ணுவது: இந்த இரண்டும் கைவந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

அரிய பறவை தேடும் ஆசையை அன்றைக்கு மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். 1900ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று வட அமெரிக்காவில் ஃபிராங்க் சாப்மன் முதல் கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பை நடத்தினார். அந்த நாளில் பறவைகளைச் சுட்டு வீழ்த்துவதில் போட்டி போடுவது அங்கே வழக்கமாக இருந்தது. சுடுவதற்குப் பதில் எண்ணலாமே என்றார் அவர். 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். இன்றும் டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை அது நடக்கிறது. 24 கிலோமீட்டர் விட்டமுள்ள அதே வட்டங்களுக்குள் ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள் என்பதால்தான் அந்த எண்களுக்கு மதிப்பு. காக்கையும் மைனாவும் குறைகின்றனவா கூடுகின்றனவா என்பது, அவற்றைச் சலிக்காமல் எண்ணி வைத்தவர்கள் இருந்தால்தான் தெரியும்.

1. வழியைத் தேர்ந்தெடுங்கள்

ஏற்கெனவே கணக்கெடுப்பு நடக்கும் பகுதி என்றால் ஒருங்கிணைப்பாளர் உங்களுக்கு ஒரு பகுதியைப் பிரித்துக் கொடுப்பார். முதல் வருடம் அனுபவமுள்ள ஒருவரோடு சேர்ந்துகொள்வதே நல்லது. தனியாகத் தொடங்குகிறீர்கள் என்றால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பாதை போதும். ஓடைக்கரை, மர விளிம்பு, திறந்த புல்மேடு, வயலோரம் என்று இரண்டு மூன்று வகை நிலத்தை அது தொட்டுப் போகட்டும்.

பாதை முடிந்தவரை ஏற்றத்தாழ்வோடு இருந்தால் இன்னும் நல்லது. குளிர்காலத்தில் பல மலைப்பறவைகள் கண்டம் தாண்டுவதில்லை, சரிவில் சில நூறு மீட்டர் கீழே இறங்கிவிடுகின்றன. மேலே பனி கொட்டிய மறுநாள் கீழ்ச்சரிவில் பட்டியல் திடீரென்று நீளும். மேல்மேட்டை மட்டும் எண்ணினால் பறவை அழிந்துவிட்டது என்று தோன்றும், கீழ்ச்சரிவை மட்டும் எண்ணினால் பெருகிவிட்டது என்று தோன்றும். ஆகவே இரண்டையும் ஒரே நாளில் எண்ணப் பாருங்கள்.

தனியார் நிலம் என்றால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். முந்தின நாள் வெளிச்சத்தில் ஒருமுறை நடந்து பாருங்கள். விடியலுக்கு முன் இருட்டில் வழி தேடுவது சுகமான வேலை இல்லை.

2. எடுத்துப் போக வேண்டியவை

பைனாகுலர் 8x42 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு வாங்கத் தோன்றும். ஆனால் குளிரில் நடுங்கும் கைக்கு அது படத்தையும் சேர்த்து நடுங்கவைக்கும். பார்வை வட்டமும் பொதுவாகக் குறுகும், கூட்டத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். மங்கிய காலை வெளிச்சத்துக்கும் 8x42தான் தோது.

குறிப்பேடு, பென்சில். பேனா குளிரில் கைவிடும். போனை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள், குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். பறவைப் பட்டியலைப் பதிந்து அனுப்பும் இபேர்ட் (eBird) செயலியை வைத்திருந்தால் அந்தப் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், மேட்டில் சிக்னலை நம்ப முடியாது. எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

3. நேரமும் வானிலையும்

விடிந்து வெளிச்சம் வந்தவுடன் தொடங்குங்கள். உடலில் சேர்த்த கொழுப்பை நீண்ட இரவு முழுக்க எரித்துத்தான் சின்னப் பறவை உயிரோடு இருக்கிறது. வெளிச்சம் வந்ததும் அதற்கு இரை தேடியே ஆகவேண்டும். அதனால்தான் அந்த நேரத்தில் அவற்றைத் துரத்துவதும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் கூடாது. நமக்கு ஒரு வரி, அதற்கு அன்றைய தீனி.

கழுகு, பருந்து வகைகளுக்கு அவசரமில்லை. சரிவு சூடாகி வெப்பக்காற்று மேலெழும்பிய பிறகுதான் அவை வட்டமிடும். காலை நடை முடிந்த பின் ஒரு மேட்டில் உட்கார்ந்து அரைமணி நேரம் வானத்தைப் பாருங்கள். பலத்த காற்று வீசும் நாளில் பறவைகள் புதருக்குள் பதுங்கிவிடும், குரலும் காதுக்கு எட்டாது. அப்படியான நாளைத் தள்ளிப்போடலாம். பள்ளத்தாக்கில் மூடுபனி என்றால் காத்திருங்கள்.

4. எண்ணத் தொடங்கும் முன் நான்கு குறிப்பு

தொடங்கிய நேரம், எத்தனை பேர், எங்கிருந்து, வானிலை. முடிக்கும்போது முடித்த நேரமும் நடந்த தூரமும். இவை இல்லாத பட்டியலை வேறொரு பட்டியலோடு ஒப்பிடவே முடியாது. ஒரு வருடம் தொடங்கிய நேரத்தைக் குறிக்க மறந்து, காலை முழுக்க எண்ணியதை நேர விவரம் இல்லாத பட்டியலாகத்தான் என்னால் பதிய முடிந்தது. கடுப்பாக இருந்தது, தப்பு என்னுடையதுதான்.

போன வழியிலேயே திரும்புவதாக இருந்தால், திரும்பும் இடத்தில் பட்டியலை முடித்துவிடுங்கள். வரும்போது கண்ணில் படுவது அதே பறவையாகத்தான் இருக்கும்.

5. எண்ணுவது

தனிப்பறவை எளிது. கஷ்டம் கூட்டத்தில்தான் இருக்கிறது.

குளிர்காலத்தில் பல வகைப் பறவைகளுக்குக் கூட்டைக் காக்கும் வேலை இல்லை. இரை குறைவு, எதிரியைக் கவனிக்கப் பல கண்கள் தேவை. ஆகவே வெவ்வேறு வகைகள் ஒன்றாகச் சேர்ந்து கலப்புக் கூட்டமாக அலையும். வந்ததும் பின்னாலேயே ஓடாதீர்கள். நின்ற இடத்தில் நில்லுங்கள், கூட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். அந்தப் பக்கம் இரண்டு மரங்களுக்கு இடையே ஒரு இடைவெளி இருக்கும். பைனாகுலரை இறக்கிவிட்டு, அந்த இடைவெளியை மட்டும் வெறும் கண்ணால் பாருங்கள். ஒவ்வொன்றாகத் தாண்டும், அப்படியே எண்ணிவிடலாம். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மொத்தத்தை எண்ணட்டும், மற்றவர் பைனாகுலரில் வகைகளைச் சொல்லட்டும். மொத்தம் 38, அதில் இன்ன வகை சுமார் 15, இன்னொன்று 6 என்று பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

வயலில் இறங்கும் பெருங்கூட்டத்துக்கு வேறு வழி. முதலில் பத்துப் பறவைகளை உண்மையாகவே எண்ணுங்கள். அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு, அதையே கூட்டத்தின் மேல் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் ஐம்பது ஐம்பதாக. கூட்டம் பெருகப் பெருக நம் கண் குறைத்தே மதிப்பிடும். வீட்டில் கூட்டப் படங்களை வைத்து முதலில் மதிப்பிட்டு, பிறகு எண்ணிப் பழகினால் அது சரியாகும். இபேர்டில் எண்ணுக்குப் பதிலாக, ‘இருந்தது, எண்ணவில்லை’ என்று பொருள்படும் எக்ஸ் (X) போட வசதி உண்டு. சோம்பேறித்தனமாக அதைப் போட்டுவிடாதீர்கள். “சுமார் 60” என்பது எக்ஸைவிட எவ்வளவோ மேல்.

இரட்டை எண்ணிக்கை இன்னொரு தொல்லை. புல்மேட்டின் மேல் அந்தரத்தில் சிறகடித்து நிற்கும் சிவப்பு வல்லூறை எட்டு மணிக்குப் பார்த்தீர்கள், ஒன்பது மணிக்கு அடுத்த சரிவில் இன்னொன்று. எண்ணிக்கை எவ்வளவு? சாம்பல் தலை ஆணும் பழுப்புத் தலைப் பெண்ணுமாக இருந்தால் இரண்டு. இரண்டும் ஒரே சமயத்தில் தெரிந்திருந்தாலும் இரண்டு. இல்லையென்றால் ஒன்றுதான்.

6. அடையாளம் தெரியாதபோது

தெரியாத பறவையைத் தெரிந்ததாக எழுதாதீர்கள். “வல்லூறு வகை”, “கதிர்க்குருவி வகை” என்று பதிய இடமிருக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் நல்ல துணை. ஆனால் அது சொன்ன பெயரை நீங்களும் கேட்டோ பார்த்தோ உறுதிசெய்த பிறகுதான் பட்டியலில் சேர்க்க வேண்டும். மரத்தில் உரசும் கிளைச் சத்தத்துக்கும் அது சில நேரம் பெயர் வைத்துவிடும்.

7. அந்த வெறும் ஒரு மணி நேரம்

பட்டியலை இபேர்டுக்கு அனுப்பும்போது ஒரு கேள்வி வரும்: அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்துவிட்டீர்களா? காக்கையை விடாமல் எழுதியிருந்தால் “ஆம்” சொல்லலாம். அந்த “ஆம்” இருந்தால்தான், பட்டியலில் வராத பறவை உங்கள் கண்ணிலும் காதிலும் படவில்லை என்று ஆய்வாளர் எடுத்துக்கொள்ள முடியும். ஒரு மணி நேரத்தில் நான்கே வகை என்றாலும் அனுப்புங்கள். பறவை நிறைய வந்த நாளை மட்டும் அனுப்பினால், அந்த மேட்டில் எப்போதும் பறவை நிறைந்திருப்பதாகத்தான் கணக்கு காட்டும்.

அன்று மாலையே அனுப்பிவிடுங்கள், மறுநாள் 38 என்பது 50 ஆகியிருக்கும். எண்ணோ வகையோ வழக்கத்துக்கு மாறாக இருந்தால் சரிபார்ப்பவர் விளக்கம் கேட்பார். கோபித்துக்கொள்ளாமல், களத்தில் எழுதிய குறிப்பை அப்படியே அனுப்பினால் போதும். ஆந்தை அடையும் மரம் போன்ற இடங்களைப் பொதுவில் போடாதீர்கள், படமெடுக்கக் கூட்டம் வந்துவிடும்.

அடுத்த வருடம் அதே வாரம், அதே நேரம், அதே பாதை. கிளம்பும் முன் பழைய பட்டியலை எடுத்துப் பார்க்காதீர்கள். பார்த்தால், போன வருடம் வல்லூறு நின்ற மரத்தையே கண் தேடிக்கொண்டிருக்கும்.