முதலில் வடிகால்: குடிசன் பார்க்கைப் பார்த்து டெல்டாவில் கால்பந்துத் திடல் போடும் முறை

டெல்டாவில் புதிதாகத் திடல் போடுகிற இளைஞர் மன்றங்கள் பெரும்பாலும் கோல் போஸ்ட்டில்தான் ஆரம்பிக்கின்றன. கம்பம் நட்டு, வலை கட்டி, சுண்ணாம்புக் கோடும் போட்டாகிவிடும். ஐப்பசியில் இரண்டு பாட்டம் மழை பெய்ததும் திடல் நாற்றங்கால் ஆகிவிடும். இந்த வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். அதற்கு இங்கிலாந்தில் லிவர்பூலின் குடிசன் பார்க் கால்பந்துத் திடல் நல்ல பாடம். சரியாகச் செய்ததும் அங்கே உண்டு, தவறிப்போய்த் தோண்டிச் சரிப்படுத்தியதும் உண்டு.

அதே ஊரின் ஆன்ஃபீல்டு திடலில் ஆடிக்கொண்டிருந்த எவர்ட்டன் கால்பந்துச் சங்கம், வாடகைத் தகராறில் அங்கிருந்து வெளியேறி மியர் கிரீன் என்ற கரடுமுரடான நிலத்துக்கு வந்தது. 1892 ஆகஸ்ட் 24-ல் குடிசன் பார்க் திறக்கப்பட்டது. அங்கே முதல் செலவே மண்ணுக்குத்தான். 29,471 சதுர கஜத்தை மட்டம் எடுக்க, கஜத்துக்கு நாலரைப் பென்னி வீதம் சுமார் 552 பவுண்டு ஆனது. நம் கணக்கில் ஒரு வேலிக்கு, அதாவது இருபது மாவுக்குச் சற்றுக் குறைவான நிலம். வடிகாலும் புல்லும் அதற்குப் பிறகு வந்தன. 2025 மே 18 வரை எவர்ட்டன் ஆண்கள் அணி அங்கேதான் ஆடியது. இப்போது அது மகளிர் அணியின் களம்.

இடம்

முழு அளவுத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். நான்கு பக்கமும் 3 மீட்டர் விட்டால் 203 சென்ட், அதாவது ஆறு மா நிலம் வேண்டும். கிடைக்காவிட்டால் 90-க்கு 50 மீட்டர் போடுங்கள். அதுவும் விதிக்கு உட்பட்டதுதான். நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்கட்டும். கிழமேலாகப் போட்டால் மாலை ஆட்டத்தில் ஒரு கோல்கீப்பர் சூரியனைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும்.

குடிசன் பார்க்கின் ஒரு மூலையில் செயின்ட் லூக் தேவாலயம் இரண்டு கேலரிகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதை அப்படியே விட்டுத்தான் கேலரியைக் கட்டினார்கள். உங்கள் திடலின் மூலையில் மாரியம்மன் கோயிலோ அரசமரமோ இருந்தால் அதற்கு இடம் விட்டுக் கோட்டை நகர்த்துங்கள். ஊரோடு ஒத்துப் போகிற திடல்தான் நிலைக்கும்.

தண்ணீர்

1958-ல் குடிசன் பார்க்கில் புல்லுக்கு அடியில் மின்கம்பி பதித்துத் தரையைச் சூடாக்கினார்கள். இங்கிலாந்தில் அதுதான் முதல் முறை. உறைபனி நன்றாகவே உருகியது. ஆனால் உருகிய தண்ணீரைப் பழைய வடிகாலால் கொண்டுபோக முடியவில்லை. 1960-ல் திடலை மறுபடி தோண்டிப் புதிய வடிகால் போட வேண்டியதாயிற்று. தரைக்கு எவ்வளவு தண்ணீர் வந்து சேரும் என்று கணக்குப் பார்க்காமல் எதையும் பதிக்கக் கூடாது என்பதற்கு இது போதும்.

நம் கணக்கைப் பாருங்கள். ஒரே இரவில் 10 செ.மீ. மழை பெய்தால் 7,140 சதுர மீட்டர் திடலில் விழுவது ஏழு லட்சம் லிட்டருக்கு மேல். நனைந்து ஊறிய களிமண் இதைக் குடிக்காது. மேலோடு ஓடி இறங்கினால்தான் உண்டு.

அதனால் முதல் வேலை, தண்ணீர் போய்ச் சேரும் இடத்தைப் பார்ப்பது. பக்கத்து வடிகால் வாய்க்காலின் மதகுச் சுவரில், கார்த்திகை வெள்ளம் விட்டுப்போன வண்டல் கோடு பழுப்பாகத் தெரியும். சிலது இடுப்பளவு உயரத்தில் இருக்கும். அந்தக் கோடுதான் உங்கள் திடலின் எஜமான். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்பால் அந்த மட்டத்தைத் திடலுக்குக் கொண்டுவந்து ஒரு முளையில் குறியுங்கள். டியூப்புக்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும். குமிழி போகும்வரை தண்ணீரை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். பாசன வாய்க்காலில் திடல் தண்ணீரை விடாதீர்கள். அது அடுத்தவர் நாற்றை மூழ்கடிக்கும். சண்டை மழையோடு முடியாது.

அடுத்து, நடுவில் முதுகு எடுப்பது. நீளவாக்கில் நடுக்கோடு உயர்ந்து, இரண்டு பக்கக் கோடுகளை நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்க வேண்டும். 34 மீட்டருக்கு 34 செ.மீ. ஆடுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டினால் இதற்கு 1,200 கன மீட்டருக்கு மேல் ஆகும், அதாவது கிட்டத்தட்ட 430 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). ஓரத்தில் 17 செ.மீ. வெட்டி நடுவில் 17 செ.மீ. ஏற்றினால் திடலுக்குள்ளேயே 107 யூனிட் நகர்த்தினால் போதும். டிராக்டர் பிளேடு வைத்து முடித்துவிடலாம். ஆனால் வண்டல் கோடு உயரமாக இருக்கிற இடத்தில் ஓரத்தை வெட்டினால் திடலே குளமாகும். அங்கே மண் அடித்துத்தான் ஆக வேண்டும், அல்லது வரப்பு கட்டி, மூலையில் குழி எடுத்து, என்ஜின் வைத்து இறைக்க வேண்டும்.

நிலம் முன்பு நெல் வயலாக இருந்திருந்தால் இன்னொரு வேலை உண்டு. சேற்றுழவு பல வருடம் நடந்த வயலில் அரை அடிக்குக் கீழே தண்ணீர் இறங்காத கெட்டித் தட்டு இருக்கும். மட்டம் எடுக்கும் முன்பு, பங்குனி சித்திரையில் மண் காய்ந்திருக்கும்போது, உளிக்கலப்பையால் ஒன்றேகால் அடி ஆழத்துக்குக் கிழித்துவிடுங்கள். ஈரத்தில் கிழித்தால் மண் உடையாது, கலப்பை கோடு மட்டும் போடும்.

பக்க வடிகால் கோட்டிலிருந்து 3 மீட்டர் தள்ளி வர வேண்டும். ஒரு அடி அகலம். தொடக்கத்தில் ஒரு அடி ஆழம், 111 மீட்டர் தாண்டி முடிகிற இடத்தில் இரண்டே கால் அடி. திறந்த பள்ளமாக விட்டால் யாராவது கால் ஒடித்துக்கொள்வார்கள். அடியில் நான்கு அங்குலத் துளைக் குழாய் வைத்து, தூசி சலித்த செங்கல் ஜல்லியால் தரை மட்டம்வரை நிரப்புங்கள். அதிகம் நடக்கும் தவறு இங்கேதான்: குழாயை வைத்துவிட்டு, தோண்டிய களிமண்ணையே மேலே தள்ளி மூடிவிடுவது. அப்புறம் தண்ணீர் மேலே நிற்கும், குழாய் கீழே காய்ந்து கிடக்கும்.

ரோலர் ஓட்டும் முன் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பாருங்கள். விரல் ரேகை பதிந்து மினுமினுத்தால் ஈரம் அதிகம். அன்று ரோலர் கூடாது. பிடித்தால் உருண்டையாகி, கட்டைவிரலால் தட்டினால் உதிர்ந்தால் சரியான பதம்.

களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் இளகும் என்று நினைப்பதும் தவறு. குறைவாகக் கலந்த மணல் வெயிலில் செங்கல் போல இறுக்கிவிடும். கலப்பதைவிட, அதிகம் மிதிபடும் கோல் வாயில் மட்டும் பத்து செ.மீ. களியை எடுத்துவிட்டு, உரிய அனுமதியோடு கொண்டுவந்த படுகை மண்ணைப் போடுங்கள். கோலுக்கு முன்னால் கோடு போட்ட சிறிய பெட்டி அளவுக்கு, அதாவது 18.3-க்கு 5.5 மீட்டருக்கு, ஒரு பக்கத்துக்கு மூன்றரை யூனிட் போதும்.

புல்

இங்கிலாந்துத் திடல்களில் போடும் ரை புல் நம் வெயிலில் நிற்காது. நமக்கு அருகம்புல்தான். வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகு, ஆனி ஆடியில், இரண்டு மூன்று கணு உள்ள துண்டுகளை அரை அடி இடைவெளியில் ஊன்றுங்கள். கோரையையும் நெருஞ்சியையும் முன்னாலேயே வேரோடு எடுத்திருக்க வேண்டும், பிறகு முடியாது. இரண்டு மாதம் யாரும் ஆடக் கூடாது, ஆடு மாடும் நுழையக் கூடாது. கிளுவைப் போத்து நட்டு வேலி போடுங்கள்.

ஆட்கள் உட்காரும் இடம்

குடிசன் பார்க்கின் கேலரிகளில் மூன்றை வடிவமைத்தவர் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் லீச். 1909-ல் மெயின் ஸ்டாண்டு, 1926-ல் புல்லன்ஸ் ரோடு, 1938-ல் கிளாடிஸ் ஸ்ட்ரீட். அதோடு நான்கு பக்கமும் இரண்டடுக்கு ஆனது. புல்லன்ஸ் ரோடு மேல்தளத்தின் முகப்பில் பெருக்கல் குறிகளை வரிசையாக அடுக்கியது போல இரும்புச் சட்டம் ஓடுகிறது. அதுதான் லீச்சின் கையெழுத்து.

அந்தப் பெருக்கல் குறியை நம் சவுக்குக் கம்பக் கேலரிக்கும் கொண்டுவர வேண்டும். நிமிர்ந்த கம்பமும் படுத்த கம்பமும் மட்டும் கட்டிய கேலரி, கோல் விழுந்து ஆட்கள் குதிக்கும்போது பக்கவாட்டில் சாயும். ஒவ்வொரு இரண்டு கம்பத்துக்கு நடுவிலும் மூலைக்கு மூலை இரண்டு குறுக்குக் கம்பம் கட்டினால் அந்தச் சாய்வு நிற்கும்.

இருந்தாலும் மரக் கேலரியே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து. 1902 ஏப்ரல் 5-ல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் திடலில், லீச் போட்ட மரப்பலகைத் தளம் உடைந்து 25 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அவர் மண் மேட்டையும் கான்கிரீட்டையும் நம்பினார். நமக்கும் மண் மேடு போதும். 30 மீட்டர் நீளத்தில் மூன்று படி, ஒவ்வொன்றும் 40 செ.மீ. உயரம், 75 செ.மீ. அகலம், பின்சரிவோடு சேர்த்து 30 யூனிட் மண். நான்கு அடி அகலத்தில் இரண்டு நடைபாதை விட்டால் 180 பேர் வசதியாக உட்காரலாம். படியின் முகப்புக்கு சிமென்ட் பிளாக் வையுங்கள். தென்னந்துண்டு மலிவுதான், ஆனால் கரையான் சீக்கிரமே தின்றுவிடும்.

1985 மே 11-ல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு திடலில் மரக் கேலரிக்கு அடியில் சேர்ந்திருந்த குப்பையில் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். பின்பக்கக் கதவுகள் பூட்டியிருந்தன. கேலரிக்கு அடியில் வைக்கோல் போடுவது நம் ஊர்களில் சாதாரணமாக நடக்கிறது. ஒரு கட்டுகூட இருக்கக் கூடாது.

முள்கம்பி வேலியும் கூடாது. 1989 ஏப்ரல் 15-ல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ திடலில் 97 பேர் உயிரைப் பறித்த நெரிசலில், முன்னால் இருந்த இரும்பு வேலி தப்பிக்கும் வழியை அடைத்தது. 1992 மகாமக நெரிசலை நினைவில் வைத்திருக்கும் கும்பகோணத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆட்களுக்கும் திடலுக்கும் நடுவே கயிறு கட்டினால் போதும். ஆபத்தென்றால் எல்லோரும் திடலுக்குள் இறங்க முடிய வேண்டும்.

மாற்று ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் தரைக்குக் கீழே பள்ளமாகத் தோன்றியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் 1931-ல் எவர்ட்டன் இங்கிலாந்தின் முதல் டக்அவுட்டைக் கட்டியது. டெல்டாவில் பள்ளம் எடுக்காதீர்கள். முதல் மழையிலேயே தவளைதான் உட்கார்ந்திருக்கும். தரைக்கு மேல் அரை அடி மேடை போட்டு, தகரக் கூரை இறக்குங்கள்.

கடைசியாகக் கேட். வெளிப்பக்கம் திறக்க வேண்டும், எதிரெதிர் பக்கங்களில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டையும் கையால் தள்ளிப் பார்த்து, பூட்டைக் கழற்றிச் சாவியோடு நடுவர் மேசையில் வைத்துவிடுங்கள்.